பெல்ட்டு ஒட்டிய படகு

சுரங்கத்தில் பெல்ட் ஒட்டுவது என் வேலை. மண்ணையும் பழுப்பு நிலக்கரியையும் சுமந்து ஓடுகிற கன்வேயர் பெல்ட் எங்கேயாவது கிழிந்தால் எங்கள் ஆட்களைக் கூப்பிடுவார்கள். இரண்டு முனையையும் படிப்படியாகச் சீவி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ரப்பர் சொல்யூஷன் பூசிக் காயவிட்டு, மறுபடி பூசிப் புறங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். கையோடு ஒட்டிக்கொண்டு வரக் கூடாது, ஆனால் லேசாகப் பிடிக்க வேண்டும். அந்தப் பதத்தில் இரண்டையும் சேர்த்துச் சுத்தியலால் தட்டிவிட்டால் பிறகு எது இழுத்தாலும் பிரியாது. எட்டாவது பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எனக்குத் தெரிந்த ஒரே தொழில் இது. இத்தனை வருடம் கழித்தும் கான்ட்ராக்ட்தான். பர்மனென்ட் இனிமேல் ஆகப் போவதில்லை.

இத்தனை நன்றாக ஒட்டத் தெரிந்தும் ஒட்டிவிட்டு வந்த ஜாயின்ட் பிரிந்துவிட்டிருக்குமோ என்று ஷிப்ட் முடிந்து வருகிற வழியெல்லாம் யோசிப்பேன். கேஸை மூடினேனா என்று பாதி வழியில் வண்டியைத் திருப்பியிருக்கிறேன். மூடித்தான் இருக்கும். மூடியிருந்தது என்று தெரிந்த பிறகு பூட்டைச் சரியாக இழுத்துப் பார்த்தேனா என்று ஆரம்பிக்கும். என் மனைவி, "உங்களுக்கு ஒரு நாளு கவலையே இல்லன்னு வெச்சுக்குங்க, ஏன் இன்னிக்கு ஒண்ணும் தோணலன்னு அதுக்கு உக்காந்து கவலப்படுவீங்க" என்பாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். ஆனால் அவளுக்கும் அலுப்பு இருந்திருக்கும்.

என் கவலைகளிலேயே பெரிய கவலை அவளுடைய அண்ணன்.

மச்சானுக்குச் சின்ன வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிவிட்டது. தரையில் கம்பு ஊன்றித்தான் நடப்பார். நாலு எட்டு வைத்தால் நின்று மூச்சு வாங்குவார். வடலூர் தாண்டிப் போகிற வழியில் ஒரு ஏரி இருக்கிறது. சுரங்கத்தில் இறைத்து விடுகிற தண்ணீர் வாய்க்கால் வழியாக அதில் போய்ச் சேருவதால் சித்திரை வெயிலில்கூட நடுவில் தண்ணீர் நிற்கும். அந்தக் கரையில்தான் அவர் வீடு. அந்த ஏரியில் மீன் பிடிப்பதுதான் அவர் பிழைப்பு. கல்யாணமான புதிதில் அவரைப் படகில் பார்த்தது எனக்கு மறக்கவில்லை. கரையில் கம்பைப் போட்டுவிட்டு, கையால் விளிம்பைப் பிடித்து ஒரு எம்பு எம்பி உள்ளே உட்கார்ந்தார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு நொண்டி என்று யாரும் சொல்ல முடியாது. துடுப்பைப் போட்டு வளைத்துத் திருப்பினால், இரண்டு காலும் நன்றாக உள்ளவர்கள் பின்னால் கத்திக்கொண்டே வருவார்கள். "தண்ணியில காலுக்கு இன்னா மாப்ள வேல?" என்று என்னிடம் கேட்டார்.

படகு அவர் வாங்கும்போதே பழசு. கடற்கரைப் பக்கம் யாரோ ஓட்டித் தள்ளிவிட்ட சின்ன மரப்படகு. மூன்று பேர் உட்காரலாம். மரப்படகு என்றால் கொஞ்சம் கசியும் என்பது எனக்குத் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரோடு ஏறியபோது என் கால் விரல் நனைந்தது. பலகைக்கும் பலகைக்கும் நடுவே கோடு மாதிரி ஈரம்.

"மச்சான், தண்ணி வருது."

"வரட்டுமே. அதுக்குத்தான் டப்பா வெச்சுகினு இருக்கேன். நாலு தடவ மொண்டு ஊத்தினா முடிஞ்சுது. நமக்கு வேக்குற மாதிரி அதுக்கு வேக்குது, வுடு."

அவர் விட்டுவிட்டார். நான் விடவில்லை. வீட்டுக்கு வந்தும் அந்த ஈரக் கோடுதான் கண்ணில் நின்றது. இந்தக் காலை வைத்துக்கொண்டு நடு ஏரியில் படகு மூழ்கினால் என்ன செய்வார்? நீச்சல் தெரியும் என்று மனைவி சொன்னாள். தெரிந்தாலும், வலை காலில் சுற்றிக்கொண்டால்? காற்று அடித்தால்? மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

எங்கள் சுரங்க டவுன்ஷிப்பில் பழைய பெல்ட் துண்டு இல்லாத வீடு கிடையாது. பழைய இரும்புக் கடையில் வெட்டி வைத்திருப்பார்கள். வாசலில் கால் மிதிக்கப் போட்டிருப்போம், மாட்டுக் கொட்டகையில் தரைக்குப் போட்டிருப்போம், வண்டி மட்கார்டில் தொங்கும், துணி துவைக்கிற கல்லுக்கு அடியில் கிடக்கும். தேயாது, கிழியாது, ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே இறங்காது. எந்த ஓட்டைக்கும் எங்கள் ஊரில் முதலில் ஞாபகத்துக்கு வருவது பெல்ட்தான். எனக்கும் அதுதான் வந்தது. அடுத்த ஞாயிறு ஒரு துண்டும் சொல்யூஷன் டப்பாவும் எடுத்துக்கொண்டு போய், படகைக் கவிழ்த்துப் போட்டு, அடிமரத்துக்குக் குறுக்காக வெளிப்பக்கம் தேய்த்து ஒட்டினேன். ஓரத்தில் ஆணி அடித்து மேலே தார் பூசினேன். படகைத் தண்ணீரில் விட்டபோது அந்த இடத்தில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன்.

மச்சானுக்கும் பெருமைதான் என்று நினைத்தேன். கரையில் யாராவது கேட்டால், "எங்க மாப்ள போட்டது. மைன்ஸ் பெல்ட்டு. மலையையே தூக்கிகினு ஓடற பெல்ட்டு" என்பார். "அப்ப படகுக்கும் ஷிப்டு உண்டா?" என்று ஒருவர் கேட்டார். "ஜெனரல் ஷிப்டுதான், நைட்டு கெடையாது" என்று மச்சான் சொல்ல எல்லோரும் சிரித்தார்கள்.

பிறகு வேறு இடத்தில் ஈரம் தெரிந்தது. இன்னொரு துண்டு. நாலைந்து வருடத்தில் ஏழு துண்டு ஒட்டியிருப்பேன். ஏழாவது ஒட்டியபோது அங்கே கசியவே இல்லை. கசியலாம் என்று எனக்குத் தோன்றியது, அவ்வளவுதான்.

போன கோடைக்கு முன்னால் ஒருநாள் மச்சான் போனில், "படகு இன்னாமோ கனமா இருக்கு மாப்ள. எருமைய இட்டுகினு போற மாதிரி இருக்கு" என்றார். காலை ஷிப்ட் முடிந்து இரண்டு மணிக்கு நேரே அங்கே போனேன். கரையிலிருந்த இரண்டு பேர் கைகொடுக்க, படகை மேலே இழுத்துக் கவிழ்த்தோம். பார்வைக்கு எல்லாம் சரியாகத்தான் இருந்தது. என் பெல்ட் ஏழும் ஒட்டினது ஒட்டினபடி இருந்தன. எதற்கும் பார்க்கலாம் என்று கத்தியை விட்டு ஒரு துண்டின் ஓரத்தைக் கிளப்பிப் பிளையரால் பிடித்து இழுத்தேன். பெல்ட் வந்தது. பெல்ட்டோடு மரமும் வந்தது. ஊறவைத்த அவல் மாதிரி, கறுப்பாக, பிய்ந்து பிய்ந்து. அடியில் தேங்கியிருந்த தண்ணீர் என் கையில் வழிந்தது. அந்த நாற்றத்தில் பக்கத்தில் நின்றவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஏழையும் உரித்தோம். ஒட்டாத இடத்தில் பலகை பழசானாலும் கெட்டியாக இருந்தது. ஒட்டிய இடத்தில் மட்டும்தான் மரம் இல்லை. இதைப் புரிந்துகொள்ள எட்டாவது பாஸ் பண்ணியிருக்க வேண்டியதில்லை. மச்சான் கம்பை ஊன்றிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "பழைய மரம், அதான்" என்றார். நானும் "ஆமாம், பழைய மரம்" என்றேன்.

கடலூர் துறைமுகப் பக்கமிருந்து ஒரு படகு ஆசாரியை வரவழைத்தார் மச்சான். மொபெட்டில் வந்து இறங்கிய அந்த ஆள், பேசாமல் ஒரு சின்னச் சுத்தியலால் விளிம்பிலிருந்து தட்டிக்கொண்டே வந்தார். டங், டங் என்று கேட்டது. பெல்ட் இருந்த இடம் வந்ததும் சத்தம் தொப்பென்று அடங்கியது. கீழே கிடந்த துண்டைக் காலால் புரட்டினார்.

"இன்னாங்க இது, லாரி டயரா?"

"பெல்ட்டுங்க. மைன்ஸ் பெல்ட்டு" என்றார் மச்சான்.

"படகுக்கு யாராவது செருப்பு தெச்சுப் போடுவாங்களா? மேல மழத் தண்ணி உள்ள நிக்குது, பலக குடிக்குது, அடியில ரப்பரு மூடிகினு இருக்குது. குடிச்ச தண்ணி எந்தப் பக்கம் போவும்? கடலா இருந்தாலாவது உப்பு கொஞ்சம் காப்பாத்தும். இது ஏரி. நல்ல தண்ணிதாங்க மரத்தத் தின்னும். யாரு பண்ண வேல இது?"

நான் வாயைத் திறந்தேன். திறந்தேன் என்றுதான் இன்றைக்கும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

"நான்தாங்க. அறிவு கெட்டுப் போய் ஒட்டிட்டேன்" என்றார் மச்சான்.

அதற்குப் பிறகு அந்த ஆசாரி மச்சானைப் பார்த்தே பேசினார். தண்ணியில பொறந்து தண்ணியில வளந்த ஆளு, ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா, படகை மூச்சடைத்துச் சாகடித்துவிட்டாயே என்றெல்லாம். மச்சான் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். அவர் தலையை ஆட்டுவதைப் பிளையரைக் கையில் வைத்துக்கொண்டு நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அழுகினதை வெட்டி எடுத்துப் புதுப் பலகை போட்டால் பிழைக்கலாம், நிச்சயமில்லை, முயற்சி பண்ணலாம் என்றார் ஆசாரி. வெயிலில் நன்றாகக் காய வேண்டும், மழைக்கு முன்னால் முடிக்க வேண்டும் என்றார். படகு இல்லாவிட்டால் மச்சானுக்கு வேறு என்ன? கான்ட்ராக்ட் வேலைக்கு மெடிக்கலிலேயே நிறுத்திவிடுவார்கள். முந்திரிக் காட்டில் குனிந்து பொறுக்க அந்தக் கால் விடாது. இதை அவரும் சொல்லவில்லை, என் மனைவியும் சொல்லவில்லை. நான் ஒருவனே இதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு தினமும் இரண்டு மணிக்கு மேல் ஏரிக்குப் போனேன்.

லீவு போடப் பயம். போட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். அதனால் தினம் மூன்று மணி நேரம்தான். முதலில் பலகையில் ஒட்டிக்கொண்டிருந்த சொல்யூஷனைச் சுரண்ட வேண்டியிருந்தது. என் கை ஒட்டியதாயிற்றே, அவ்வளவு சுலபத்தில் வருமா? மரம் அழுகிய இடத்தில்கூட அது அழுகவில்லை. பிறகு ஆசாரி வந்து கெட்ட பலகைகளை அறுத்து எடுத்தார். பண்ருட்டிப் பக்கம் காற்றில் விழுந்த பலா மரம் ஒன்றை அறுத்து வைத்திருந்தார்கள், அதில் பலகை கிடைத்தது. மஞ்சளாக, வாசனையாக இருந்தது. அந்தக் கறுத்த உடம்பில் அதைப் பொருத்தியபோது பார்க்க ஒரு மாதிரி இருந்தது. மூட்டுகளில் பஞ்சுத் திரியை உளியால் வைத்து அடித்தோம். குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி அதன் மேல் பூசினோம்.

பூச்சி அரிக்காமல் இருக்க முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசச் சொன்னார் ஆசாரி. முந்திரி உடைக்கிற இடத்தில் ஓட்டிலிருந்து எடுப்பது. பண்ருட்டிக்குப் பஸ்ஸில் போய் ஒரு கேன் வாங்கி வந்தேன். கறுப்புப் பாகு மாதிரி இருக்கும். தோலில் பட்டால் வெந்துவிடும். "கையில துணி சுத்திகினு பூசு மாப்ள" என்று மச்சான் சொன்னார். சுற்றிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் அவிழ்த்துவிட்டேன். மறுநாள் இரண்டு கையிலும் கொப்புளம். சைட்டில் சூப்பர்வைசர் கேட்டதற்குச் சமைக்கும்போது எண்ணெய் பட்டுவிட்டது என்றேன். மனைவி தேங்காய் எண்ணெய் தடவிவிட்டாள். என் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, "யாரும் உங்கள ஒண்ணும் சொல்லலயே" என்றாள். அதற்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை.

ஆவணி கடைசியில் படகைத் தண்ணீரில் இறக்கினோம். மச்சான் மனைவி மஞ்சள் தடவி, சூடம் கொளுத்தி, எலுமிச்சம்பழம் வைத்தார். கரைக்காரர்கள் நாலு பேர் தள்ளினார்கள். இறங்கியதும் எல்லா மூட்டிலும் தண்ணீர் வந்தது. நான் டப்பாவை எடுக்கக் குனிந்தேன். ஆனால் ஆசாரி முன்பே சொல்லியிருந்தார்: காய்ந்த மரம் முதலில் அப்படித்தான் ஒழுகும், மூன்று நாள் தண்ணீரில் ஊறட்டும், மரம் உப்பித் தானாக அடைத்துக்கொள்ளும், யாரும் கை வைக்கக் கூடாது.

அந்த மூன்று நாள் நான் எப்படி வேலை பார்த்தேன் என்று தெரியாது. மூன்றாம் நாள் போய்ப் பார்த்தால் பலாப் பலகை நன்றாக உப்பி மூட்டெல்லாம் இறுகியிருந்தது. ஆனால் தண்ணீர் நிற்கவில்லை. அடியில் நடுவாக, முதல் துண்டு ஒட்டியிருந்த இடத்துக்கு நேராக, மெதுவாக வந்துகொண்டிருந்தது. ஆசாரி வந்தார். தண்ணீரை மொண்டு ஊற்றிவிட்டு, படகுக்கு முதுகெலும்பு மாதிரி நீளமாக ஓடுகிற அடிமரத்தில் ஊசி மாதிரி ஒரு கருவியை வைத்து அழுத்தினார். கைப்பிடி வரைக்கும் இறங்கியது.

"வெளிய ஒரு ஓடு மட்டும் கெட்டியா நின்னுகினு இருந்திருக்கு. தட்டினப்ப எனக்கே தெரியல" என்றார். "இத மாத்தணும்னா படகையே புதுசா கட்டணும்ங்க. கொளத்துல வேணா வுடலாம். நடு ஏரிக்கு எடுத்துகினு போவாதீங்க."

இந்தத் தடவை அவர் யாரையும் திட்டவில்லை. கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் திட்டியிருக்கலாம்.

மச்சான் விளிம்பைப் பிடித்து எம்பிப் படகுக்குள் உட்கார்ந்தார். "ஏறு மாப்ள" என்றார். ஏறினேன். ஓரமாகவே, கோரைப் புல் இருக்கிற இடம் வரைக்கும் துடுப்புப் போட்டார். காலடியில் தண்ணீர் ஏறிக்கொண்டே வந்தது. டப்பா பக்கத்திலேயே இருந்தது, இரண்டு பேருமே தொடவில்லை.

"மச்சான், நான் ஒட்டினதாலதான்" என்றேன். பிறகு, "அன்னிக்கு ஏன் உங்க மேல போட்டுக்கிட்டீங்க?" என்றேன்.

"பின்ன? எங்கியோ கெடந்து வந்தவன் எங்க வூட்டு மாப்ளையத் திட்டுவான், நான் வாயப் பாத்துகினு நிப்பனா?"

"நான் சொல்லியிருக்கணும்."

"சொல்லி?" துடுப்பைக் குறுக்கே வைத்தார். "எனக்கு ரெண்டாவது துண்டு ஒட்டினப்பவே சந்தேகந்தான். ஒரு வாசன வந்துகினே இருந்துச்சு."

"அப்பவே பிச்சு எறிஞ்சிருக்கலாமே மச்சான்."

அவர் துடுப்பில் சுற்றியிருந்த பாசியைப் பிய்த்துப் போட்டார். "தங்கச்சி வந்துச்சு" என்றார். "'ண்ணா, அத ஒட்டிட்டு வந்தாத்தான் அவரு சாப்புடறாரு, அன்னிக்குத்தான் தூங்கறாரு. அவரு இஷ்டத்துக்கு வுட்டுடுண்ணா'ன்னுச்சு. சரி, ஒரு துண்டு ரப்பருல ஒருத்தன் தூங்கறான்னா தூங்கட்டும்னு வுட்டேன். இவ்ளோ தூரம் தின்னுடும்னு நெனைக்கல. நெனச்சிருந்தா வுட்டிருப்பனா?"

கடைசிக் கேள்வியை என்னிடம் கேட்டாரா, தனக்குள்ளே கேட்டுக்கொண்டாரா தெரியவில்லை. தண்ணீர் கணுக்காலைத் தாண்டியதும் படகைத் திருப்பினார்.

மனைவியிடம் இதை நான் இதுவரை கேட்கவில்லை. கேட்டால் அவள் அழுவாள், அல்லது அழமாட்டாள். இரண்டையும் நினைத்தால் பயமாக இருக்கிறது.

படகை அவர் யாருக்கும் கொடுக்கவில்லை. கரைமேல் கவிழ்த்துப் போட்டிருக்கிறது. டவுன்ஷிப் மார்க்கெட் பக்கத்தில் ஒரு டூ வீலர் ஸ்டாண்டில் அவருக்கு வேலை கிடைத்தது. நான்தான் சொல்லி வைத்தேன். உட்கார்ந்த இடத்தில் டோக்கன் கிழித்துக் கொடுக்கிற வேலை என்றுதான் சொன்னார்கள். ஆனால் கூட்ட நேரத்தில் வண்டிகளை நகர்த்தி வரிசை பண்ண வேண்டும். காலையிலிருந்து சாயந்தரம் வரைக்கும் அந்தக் காலோடு வண்டிகளுக்கு நடுவே நடந்துகொண்டே இருக்கிறார். கம்பைப் பிடித்தால் வண்டியைப் பிடிக்க முடியாது. அதனால் ஒவ்வொரு வண்டியின் சீட்டாகப் பிடித்துக்கொண்டு போகிறார். அவசரக்காரர்கள் "சீக்கிரம் எடுங்க பெரியவரே" என்கிறார்கள். அவருக்கு என்னைவிட இரண்டு வயதுதான் கூட.

வேலை முடிந்து வரும்போது தினமும் அங்கே நிற்பேன். டீ வாங்கிக் கொடுப்பேன். கால் வீங்கியிருக்கிறதா என்று பார்ப்பேன். மாத்திரை போட்டாரா, முட்டிக்குப் பட்டை போட்டுக்கொள்ளலாமா, மதியம் படுக்க இடம் இருக்கிறதா என்று கேட்பேன். ஒரு வாரம் பதில் சொன்னார். இரண்டாவது வாரம் ஒருநாள், டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு, வேறு எங்கோ பார்த்தபடி சொன்னார்:

"நீ தெனம் வராத மாப்ள. கோவமில்ல, சத்தியமா கோவமில்ல. நீ வந்து நின்னு பாக்கறப்பதான் எனக்கு இந்தக் கால் இருக்கறதே ஞாபகம் வருது."

சரி என்றேன். கிளாஸை வாங்கிக் கடையில் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்தேன். இப்போது ஆஸ்பத்திரி ரோடு வழியாகச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போகிறேன்.